159 கவுண்டி, 11,779 வாக்கு: ஜார்ஜியா 2020 பற்றிக் கேள்வி பதில்

வணக்கம். நான் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே ஃபோர்சைத் கவுண்டியில் (கவுண்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவு) குடியிருக்கிறேன். 2020 அதிபர் தேர்தல் அன்று இங்கே ஒரு வாக்குச்சாவடியில் பணியாளராக இருந்தேன். அந்த நாளுக்குப் பிறகு ஜார்ஜியாவின் 159 கவுண்டி முடிவுகளையும் ஒவ்வொன்றாக எக்செல்லில் ஏற்றி, பழைய தேர்தல்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கேட்டவர்களுக்கு என்னால் முடிந்தவரை விளக்கமாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (கோவை): அக்கா, ஜார்ஜியா வரைபடத்தைப் பார்த்தால் முக்கால்வாசிக்கு மேல் சிவப்பு, டிரம்ப் கட்சியின் நிறம். டிரம்ப் 129 கவுண்டியில் ஜெயித்திருக்கிறார், பைடனுக்கு வெறும் 30. அப்புறம் எப்படி பைடன் ஜெயித்தார்?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கவுண்டிக்கு இத்தனை மதிப்பு என்று எந்தக் கணக்கும் கிடையாது. மாநிலம் முழுக்க விழுந்த வாக்கை ஒன்றாகக் கூட்டி, யாருக்கு அதிகமோ அவருக்கே, அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலத்துக்கு உள்ள 16 தேர்வாளர் வாக்கும் போய்விடும். பைடனுக்கு 24,73,633. டிரம்புக்கு 24,61,854. வித்தியாசம் 11,779, அதாவது கால் சதவீதத்துக்கும் கீழே.

தெற்கே பிராண்ட்லி என்று ஒரு கவுண்டி, பைன் காடும் சதுப்பும் நிறைந்த பகுதி. அங்கே டிரம்புக்கு 90 சதவீதம் விழுந்தது. ஆனால் தலைக்கணக்கில் பார்த்தால் அங்கே அவருக்குக் கிடைத்த முன்னிலை ஏறக்குறைய 6,300தான். அட்லாண்டாவை ஒட்டிய டிகால்ப் கவுண்டியில் பைடன் பெற்ற முன்னிலை ஏறக்குறைய இரண்டரை லட்சம். டிகால்ப் ஒன்றுக்கு ஈடுகட்ட பிராண்ட்லி மாதிரி 40 கவுண்டி வேண்டும். வரைபடத்தில் பிராண்ட்லிதான் பெரிதாகத் தெரியும். அங்கே நிலம் அதிகம், ஆள் குறைவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2016-இல் ஹிலாரி கிளின்டன் ஜார்ஜியாவில் 31 கவுண்டி ஜெயித்தார், மாநிலத்தை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கில் இழந்தார். 2020-இல் பைடன் அவரைவிட ஒரு கவுண்டி குறைவாக ஜெயித்து மாநிலத்தைப் பிடித்தார். சவானா ஆற்றங்கரையில் இருக்கும் பர்க் கவுண்டி அந்த இடைவெளியில் டிரம்ப் பக்கம் போனது. எத்தனை கவுண்டி என்று எண்ணினால் எதுவும் விளங்காது. ஒவ்வொன்றிலும் எத்தனை வாக்கு முன்னே, எத்தனை பின்னே என்று பார்த்தால்தான் விளங்கும்.

கேள்வி (சிங்கப்பூர்): அப்படியானால் அந்த இரண்டு லட்சம் எங்கிருந்து வந்தது? அட்லாண்டா நகரம்தானே?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நானும் கணக்குப் போடும்வரை அப்படித்தான் நினைத்தேன். அட்லாண்டா இருக்கும் ஃபுல்டனும் டிகால்பும் பல ஆண்டுகளாகவே பைடனின் ஜனநாயகக் கட்சியின் கோட்டை. திருப்பத்தைத் தந்தது புறநகர்.

குவினெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2012-இல் அங்கே ஜெயித்தவர் டிரம்பின் குடியரசுக் கட்சி சார்பில் நின்ற ராம்னி. 2016-இல் ஹிலாரி ஏறக்குறைய 19,000 வாக்கில் முந்தினார். 2020-இல் பைடனின் முன்னிலை 75,000-ஐத் தாண்டியது. பக்கத்தில் காப் கவுண்டி, குடியரசுக் கட்சியின் பெருந்தலைவராக இருந்த நியூட் கிங்ரிச்சின் செல்வாக்குப் பகுதி. அங்கே 2016-இல் 7,000 சொச்சமாக இருந்த முன்னிலை 2020-இல் 56,000 ஆனது. இந்த இரண்டு கவுண்டியிலும் கூடிய முன்னிலை மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. மாநிலம் கை மாறத் தேவைப்பட்டதில் ஏறக்குறைய பாதி அது.

குவினெட்டில் பியூஃபோர்ட் நெடுஞ்சாலை வழியே போனால் கொரியன் பேக்கரி, வியட்நாம் உணவகம், மெக்சிகோக்காரர் கடை, ஆப்பிரிக்க மளிகைக்கடை என்று வரிசையாக வரும். கறுப்பின நடுத்தரக் குடும்பங்களும் பெரிய எண்ணிக்கையில் அங்கே வந்து வீடு வாங்கியிருக்கிறார்கள். அவர்களோடு கல்லூரி படித்த வெள்ளையரில் ஒரு பகுதியும் கட்சி மாறியது. இவை எல்லாம் சேர்ந்ததுதான் அந்த 75,000.

கேள்வி (டல்லஸ்): உங்கள் ஃபோர்சைத்தில் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று கேள்வி. ஆனால் அது டிரம்ப் ஜெயித்த கவுண்டி ஆயிற்றே?

ஆமாம், டிரம்ப்தான் ஜெயித்தார். 66-க்கு 33. ஆனால் இதே கவுண்டியில் 2012-இல் ராம்னி வாங்கியது 80 சதவீதம். 2016-இல் ஹிலாரிக்கு 23,000 சொச்சம் விழுந்தது. நான்கே ஆண்டில் பைடனுக்கு 42,000. கவுண்டி கை மாறவில்லை, வரைபடத்தில் நிறமும் மாறவில்லை. தோல்வி மட்டும் சிறுத்துவிட்டது. 11,779-இல் முடிந்த ஒரு தேர்தலில் இதை யாரும் அலட்சியப்படுத்த முடியாது.

இந்த மண்ணின் கதையையும் சொல்லியாக வேண்டும். 1912-இல் இந்தக் கவுண்டியிலிருந்து கறுப்பின மக்கள் ஏறக்குறைய 1,100 பேரை மிரட்டியும் வீடுகளைக் கொளுத்தியும் விரட்டினார்கள். அதற்குப் பின் பல பத்தாண்டுகள் இங்கே கறுப்பினத்தவர் குடியேறவே முடியவில்லை. 1987 ஜனவரியில் அதை எதிர்த்து ஊர்வலம் வந்தவர்கள் மீது கல்லும் பாட்டிலும் பறந்தன. அடுத்த வாரமே ஏறக்குறைய 20,000 பேர் திரண்டு வந்து கமிங் நகரில் நடந்தார்கள். 1990-இல் இங்கே மக்கள்தொகை 44,000. 2020-இல் இரண்டரை லட்சம், அதில் ஆறில் ஒருவருக்கு மேல் ஆசியர்.

தேர்தல் அன்று சாவடியில் என் முன்னால் வந்து நின்ற வரிசையை என்னால் மறக்க முடியாது. முதல் முறையாக வாக்களிக்க வந்த ஒரு தெலுங்குத் தம்பதி, அவர்களுக்குப் பின்னால் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒரு வயதான வெள்ளைக்கார விவசாயி, அவருக்குப் பின்னால் மருத்துவமனை உடையோடு ஒரு கறுப்பினப் பெண். 1987-இல் இந்த வரிசை இங்கே சாத்தியமே இல்லை.

கேள்வி (யாழ்ப்பாணம்): அக்கா, தமிழர்கள் எந்தக் கட்சிக்குப் போட்டார்கள் என்று கவுண்டிக் கணக்கை வைத்துச் சொல்ல முடியுமா? கமலா ஹாரிஸின் தாயார் சென்னையில் பிறந்தவர் என்பதால் கேட்கிறேன்.

முடியாது, சொல்லவும் கூடாது. வாக்கு இரகசியம். ஒரு சாவடியில் இந்தியர் அதிகம், அங்கே பைடனுக்கு வாக்குக் கூடியது என்றுதான் காட்டலாம். அந்த வாக்கைப் போட்டவர்கள் அந்த இந்தியர்கள்தான் என்று காட்ட முடியாது. எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் இரண்டு பக்கமும் ஆள் உண்டு. ஒரே வீட்டுக்குள்ளேயும் உண்டு.

கேள்வி (மதுரை): மகளே, ஒரு மாநிலத்துக்கு 159 கவுண்டி எதற்கு? நம்மூர் மாவட்டம் மாதிரிதானே?

மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம் ஐயா, ஆனால் மிகச் சின்னது. அமெரிக்காவில் டெக்சாஸுக்கு அடுத்து அதிகக் கவுண்டி ஜார்ஜியாவில்தான். விவசாயி ஒருவர் கோவேறு கழுதை வண்டியில் காலையில் கிளம்பி, தலைமையூருக்குப் போய் வேலையை முடித்து, பொழுது சாய வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக இப்படிப் பிரித்ததாகச் சொல்வார்கள்.

ஆனால் அரசியல் காரணமும் உண்டு, அது கசப்பானது. அந்தக் காலத்தில் ஜார்ஜியாவில் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் ஜெயித்தவர்தான் ஆளுநர். அந்தத் தேர்தலில் தலைக்கணக்கு செல்லாது. ஒரு கவுண்டியில் முந்தியவருக்கு அதன் அலகு முழுதும் போகும். பெரிய 8 கவுண்டிக்குத் தலா 6 அலகு, அடுத்த 30-க்கு 4 அலகு, மீதி 121-க்கு 2 அலகு. மூன்று குட்டிக் கவுண்டி சேர்ந்தால் அட்லாண்டா இருக்கும் ஃபுல்டனுக்குச் சமம்! நகரத்து மக்களின் வாக்கு, அதிலும் கறுப்பின மக்களின் வாக்கு, இப்படித்தான் அமுக்கப்பட்டது. 1963-இல் கிரே எதிர் சாண்டர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற கோட்பாடு அந்தத் தீர்ப்பில்தான் ஓங்கி ஒலித்தது. வரைபடத்தைக் காட்டி “இத்தனை கவுண்டி எங்களுடையது” என்று யாராவது பேசும்போது எனக்கு அந்த அலகு முறைதான் நினைவுக்கு வரும். அந்தக் கணக்கை நீதிமன்றம் தூக்கி எறிந்து அறுபது ஆண்டு ஆகிவிட்டது.

கேள்வி (திருச்சி): மாநிலத்தின் நடுவே குறுக்காக ஒரு நீலப் பட்டை தெரிகிறதே, அங்கே நகரம் எதுவும் இல்லையே?

நல்ல கண் உங்களுக்கு. கரிசல் மண் பட்டை என்றே வைத்துக்கொள்ளலாம், ஆங்கிலத்திலும் கறுப்புப் பட்டை என்றுதான் பெயர். வளமான மண், பருத்தித் தோட்டங்கள், அதில் அடிமைகளாக உழைத்தவர்கள். அவர்களின் வழிவந்தவர்கள் இன்னும் அங்கே வாழ்கிறார்கள். ஹான்காக் கவுண்டியில் பைடனுக்கு 72 சதவீதம். ஆல்பனி நகரம் இருக்கும் டார்ட்டியில் 70-ஐ ஒட்டி.

ஆனால் இந்தப் பட்டை தேய்ந்துகொண்டே வருகிறது. இளைஞர்கள் பிழைப்புக்கு அட்லாண்டா பக்கம் போய்விடுகிறார்கள். 2016-க்கும் 2020-க்கும் நடுவே பர்க் போனது. 2024-இல் பால்ட்வின், வாஷிங்டன், ஜெஃபர்சன் மூன்றும் டிரம்புக்குப் போயின.

கேள்வி (டொராண்டோ): தேர்தல் இரவில் டிரம்ப் முன்னணியில் இருந்தார், மூன்றாம் நாள் விடிகாலையில் பைடன் முந்தினார். சந்தேகம் வருவது இயல்புதானே?

சந்தேகம் வரலாம், தவறில்லை. ஆனால் விடை இருக்கிறது. நவம்பர் 6 வெள்ளிக்கிழமை விடியும் முன் கிளேட்டன் கவுண்டியின் தபால் வாக்குகள் ஏறியபோதுதான் பைடன் முந்தினார். கிளேட்டன் அட்லாண்டாவுக்குத் தெற்கே, விமான நிலையத்தை ஒட்டியது. கறுப்பின மக்கள் பெரும்பான்மை. அங்கே மொத்தத்தில் 85 சதவீதம் பைடனுக்கு. கோவிட் காலத்தில் மாநிலம் முழுக்க 13 லட்சம் பேர் தபாலில் வாக்களித்தார்கள். தபாலில் போடாதீர்கள் என்று டிரம்ப் சொல்லிவந்ததால் அவர் ஆட்கள் நேரில் வந்தார்கள். நேரில் விழுந்தது சீக்கிரம் எண்ணி முடியும். தபால் வாக்கு உறையைப் பிரித்து, அடுக்கி, ஏற்றி வரத் தாமதமாகும்.

கிளேட்டனின் ஒரு பகுதி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஜான் லூயிஸின் தொகுதியில் இருந்தது. வாக்குரிமைக்காக 1965-இல் செல்மா பாலத்தில் அடிபட்டவர். அந்தத் தேர்தலுக்கு ஏறக்குறைய மூன்றரை மாதம் முன்னால்தான் காலமானார். அன்று விடிகாலை அந்த எண் மாறியபோது நான் விழித்துத்தான் இருந்தேன், அவரைத்தான் நினைத்தேன்.

கேள்வி (டல்லஸ்): எந்திரத்தில் ஏதும் செய்திருக்க முடியாதா?

2020-இல் நான் நின்ற இடத்திலிருந்து சொல்கிறேன். வாக்காளர் திரையைத் தொட்டுத் தேர்வு செய்வார். பக்கத்துப் பிரிண்டரிலிருந்து ஒரு தாள் வரும். அதில் ஒரு கியூஆர் கோடு, அதன் கீழே அவர் தேர்ந்தெடுத்த பெயர்கள் எழுத்தில். அதைப் படித்துப் பார்த்து அவரே ஸ்கேனரில் செருகுவார், தாள் கீழே பெட்டிக்குள் விழும். பீச் பழம் போட்ட ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு வெளியே போவார். இரவு 7 மணிக்குச் சாவடி மூடியதும் ஸ்கேனர் கடை பில் மாதிரி நீளமாக ஒரு தாளை அடிக்கும். நாங்கள் கையெழுத்திட்டு ஒரு பிரதியைக் கதவில் ஒட்டினோம். யார் வேண்டுமானாலும் படம் எடுத்துப் போகலாம்.

பெட்டிக்குள் தாள் இருந்ததால்தான் பிறகு 50 லட்சம் வாக்கையும் கையால் எண்ண முடிந்தது. மேசைக்கு இரண்டு பேர், பெயரை வாய்விட்டுப் படித்துக் கட்டுக் கட்டாகப் பிரித்தார்கள். ஃபிளாய்ட் கவுண்டியில் ஸ்கேன் செய்யாமல் விட்ட 2,600 சொச்சம் வாக்கு அப்போது அகப்பட்டது. ஃபாயெட்டில் ஏற்றாமல் விட்ட ஒரு நினைவக அட்டை அகப்பட்டது. இரண்டும் டிரம்புக்கு லாபம், பைடனின் முன்னிலை குறைந்தது. பிறகு எந்திரத்தில் மறுபடியும் எண்ணினார்கள். மூன்று முறையும் ஜெயித்தவர் ஒருவரே. முடிவுக்குச் சான்றளித்த மாநிலச் செயலர் ராஃபன்ஸ்பெர்கர் குடியரசுக் கட்சிக்காரர். 2021 ஜனவரி 2-ஆம் தேதி டிரம்ப் தொலைபேசியில் அழைத்து 11,780 வாக்கைக் கண்டுபிடித்துத் தரச் சொன்னபோதும் அவர் இசையவில்லை.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. ஃபுல்டனில் வாக்கு எண்ணிய ஒரு தாயும் மகளும் மோசடி செய்தார்கள் என்று பொய் பரப்பி, அவர்கள் வீட்டை விட்டே போகும் நிலை ஆக்கினார்கள். 2023 டிசம்பரில் ஜூரி அவர்களுக்கு 14.8 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. அந்தத் தாய் எங்களைப் போலத் தற்காலிகமாக வந்து வேலை செய்தவர்.

கேள்வி (சென்னை): பைடனுக்கும் 50 சதவீதம் வரவில்லையே? மறு சுற்று ஏன் நடக்கவில்லை?

அதிபர் தேர்தலுக்கு இங்கே மறு சுற்று கிடையாது, அதிகம் வாங்கியவர் ஜெயித்தார். செனட் போன்ற மற்றப் பதவிகளுக்குத்தான் உண்டு. அதனால்தான் 2021 ஜனவரி 5-ஆம் தேதி ஜனநாயகக் கட்சியின் செனட் வேட்பாளர்கள் வார்னாக்கும் ஆசாஃபும் மறுபடி நின்று ஜெயித்தார்கள். அதிபர் தேர்தலில் லிபர்டேரியன் என்ற மூன்றாவது கட்சியின் வேட்பாளர் ஜோ ஜோர்கன்சனுக்கு விழுந்தது 62,000-க்கு மேல், வித்தியாசத்தைப் போல ஐந்து மடங்கு.

கேள்வி (கோவை): ஒரு கட்சி 159-ஐயும் பிடித்ததுண்டா?

உண்டு, 1976-இல் ஜிம்மி கார்ட்டர். இந்த மாநிலத்தின் கடலை விவசாயி, சம்டர் கவுண்டி பிளெய்ன்ஸ் ஊர்க்காரர். 159-உம் அவருக்கே.

கேள்வி (பெங்களூர்): 2024-இல் டிரம்ப் திரும்ப ஜெயித்துவிட்டார். அப்படியானால் நீங்கள் சொல்லும் புறநகர் மாற்றம் நின்றுவிட்டதா?

டிரம்ப் 1,15,000 வாக்கில் ஜெயித்தார், உண்மை. கிராமப்புறக் கவுண்டிகளில் அவருக்கு இன்னும் கூடியது. ஆனால் அட்லாண்டாவின் தெற்குப் புறநகர் நாட்டின் போக்குக்கு எதிர்த் திசையில் போனது. ஹென்றி கவுண்டியில் ஹிலாரிக்கு 51, பைடனுக்கு 60, ஹாரிஸுக்கு 65-ஐ ஒட்டி. மாநிலத்தை இழந்த தேர்தலிலும் அங்கே கூடியிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஃபாயெட். 2020-இல் டிரம்ப் அங்கே 53-க்கு 46 என்று ஜெயித்தார், 2024-இல் அந்த இடைவெளியும் சுருங்கியது. அடுத்த தேர்தல் இரவில் நான் முதலில் பார்க்கப்போவது ஃபாயெட்டைத்தான்.