கூடைக் கொடியைப் பிடுங்கலாமா?

கேள்வி: கிரேக்கத்தின் சாந்தோரினித் தீவில், மெகாலோகோரி கிராமத்தில் அசிர்திகோ என்ற ரகத்தின் ஒரு பழைய திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். கொடிகள் தரையோடு கூடைபோலச் சுற்றிக் கிடக்கின்றன. 80 வயது என்கிறார்கள். காய்ப்பு மிகவும் குறைந்துவிட்டது. பிடுங்கிவிட்டு ஒட்டுச்செடி நட்டுக் கம்பியில் ஏற்றலாமா?

பதில்: கடப்பாரையைக் கீழே வையுங்கள். கிழடு தட்டியது கூடைக்குத்தான், வேருக்கு அல்ல.

ஒவ்வொரு குளிர்காலமும் கவாத்து செய்யும்போது, முந்தைய வருடக் கிளைகளைப் பழைய வளையத்தின் மேல் சுற்றிப் பின்னுகிறார்கள். வருடம் ஏற ஏறக் கட்டை நீள்கிறது. வேர் உறிஞ்சும் நீர் அத்தனை முறுக்கையும் சுற்றிவந்துதான் துளிரைத் தொட வேண்டும். போன வருடக் கிளையைக் கையில் பிடித்துப் பாருங்கள். பென்சில் தடிமனுக்கு இருந்தால் அந்தக் கொடியை விட்டுவிடுங்கள். ஈர்க்குச்சியாக இருந்தால் அதன் முறை வந்துவிட்டது.

அப்படிப்பட்ட கொடியைக் குளிர்காலத்தில் தரையை ஒட்டித் தூரிலேயே வெட்டுங்கள். வசந்தத்தில் தூரிலிருந்து துளிர்க்கும். திடமான இரண்டு மூன்றை மட்டும் விட்டு, மற்றதைக் கிள்ளிவிடுங்கள். ஐரோப்பாவின் மற்ற இடங்களில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய முடியாது. அங்கே பெரும்பாலும் ஒட்டுக்கொடிதான், அதாவது வேர்ப்பூச்சியைத் தாங்கும் வேறொரு வேர்ச்செடியின் மேல் ஒட்டிய கொடி. கீழிருந்து கிளம்புவது அந்த வேர்ச்செடியின் துளிராகிவிடும். உங்கள் மண் எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும். களிமண் இல்லாததால் பிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி அங்கே பிழைக்கவில்லை. அதனால் கொடி சொந்த வேரில் நிற்கிறது, முளைப்பதும் அசிர்திகோதான். பிறகு ஒட்டுச்செடிக்கு எதற்குக் காசு?

கம்பி யோசனையும் வேண்டாம். அங்கே அடிக்கும் காற்றில் இளந்துளிர் ஒடியும், பறக்கும் மணல் பூவையும் காயையும் அடித்துவிடும். கூடைக்குள் குலை ஒளிந்திருப்பதே அதற்காகத்தான். கோடையில் மழை ஏறக்குறைய கிடையாது. இரவில் கடலிலிருந்து வரும் ஈரத்தை நுரைக்கல் பிடித்துவைக்கிறது.

செத்த கொடி இருந்த இடத்துக்குப் பக்கத்துக் கொடியின் நீளமான கிளையை மண்ணில் புதைத்து, நுனியை வெளியே விட்டுப் பதியன் போடுங்கள். நன்றாக வேர் பிடிக்கும்வரை தாயிடமிருந்து பிரிக்க அவசரம் வேண்டாம்.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் வெட்டிவிடாதீர்கள். வெட்டிய கொடி மறுபடி சரியாகக் காய்க்கச் சில வருடங்கள் ஆகும். வருடத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும். அப்புறம் ஒன்று, குத்தகை எத்தனை வருடம் என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று நான்கு வருடம்தான் என்றால் நட்டம் உங்களுக்கு, புதுக் கூடை உரிமையாளருக்கு. முதல் வெட்டுக்கு முன்பே குத்தகைக் காலத்தை நீட்டச் சொல்லியோ வாடகையைக் குறைக்கச் சொல்லியோ பேசி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.