கேளுங்கள், சொல்கிறேன்: பிளாக்பூல் கோஸ்டர்களுக்கு வயதாகிவிட்டதா?

இங்கிலாந்தின் கடலோரப் பொழுதுபோக்குப் பூங்காவான பிளாக்பூல் பிளஷர் பீச்சின் பழைய ரோலர் கோஸ்டர்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிப் பேர் ‘பிரித்துப் போடுங்கள்’ கட்சி, மீதிப் பேர் ‘யாரும் தொடக்கூடாது’ கட்சி. ரயில் பாதைப் பராமரிப்பில் வேலை பார்ப்பவள் நான். தண்டவாளம் என்றால் எனக்குத் தனிப் பாசம் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. எல்லாக் கடிதங்களுக்கும் இடமில்லை என்பதால் அடிக்கடி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு பிளாக்பூல் போயிருந்தோம் அக்கா. கிராண்ட் நேஷனல் மரக் கோஸ்டரில் ஏறி இறங்கியதும் என் கணவர், “இது 1935இல் கட்டியது, உலுக்காமல் என்ன செய்யும்? பேசாமல் பிரித்துவிடலாம்” என்றார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு வாசகி

உலுக்குகிறது, அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பழியை 1935 மேல் போடாதீர்கள்.

மரக் கோஸ்டரின் தண்டவாளத்தைக் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏழெட்டு அடுக்கு வைத்து, ஆணியும் போல்ட்டும் போட்டு இறுக்கி, அதன் மேல் தட்டையான இரும்புப் பட்டை அடித்திருப்பார்கள். சக்கரம் ஓடுவது அந்தப் பட்டையில்தான். வண்டி இறங்கி வந்து பள்ளத்தின் அடியில் திரும்பி எழும் இடத்தில் பளு அத்தனையும் பட்டைக்குக் கீழே இருக்கும் பலகையில் விழும். நாளடைவில் பலகை நசுங்கும், போல்ட் தளரும், இடுக்கில் மழைத் தண்ணீர் இறங்கும். ஒரு நூல் அளவுக்குப் பள்ளம் விழுந்துவிட்டால் போதும், அடுத்து வரும் வண்டி அதே இடத்தில் கொஞ்சம் கூடுதலாக இடிக்கும். அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். ரயில் பாதையில் இணைப்புகள் தாழ்ந்துபோவதும் இதே கதைதான்.

ஆக, உங்கள் இடுப்பில் இடித்தது 1935ஆம் ஆண்டுப் பலகை அல்ல. அந்தக் காலத்துப் பலகையெல்லாம் எப்போதோ கழற்றப்பட்டுவிட்டது. ஓட்டு வீட்டில் உடைந்த ஓட்டை மட்டும் மாற்றிக்கொண்டே வருவது போல, குளிர்காலத்தில் பூங்கா மூடியிருக்கும்போது மோசமான இடங்களைப் பிரித்துப் புதுப் பலகை போடுவார்கள். புதிதாகப் போட்ட துண்டில் வண்டி வழுக்கிக்கொண்டு போகும், பழைய துண்டில் தடதடக்கும். அடுத்த முறை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள், எங்கே மாற்றியிருக்கிறார்கள் என்று முதுகே சொல்லிவிடும்.

இந்த வேலையைக் கிராண்ட் நேஷனலில் இன்னும் வேகமாகச் செய்ய வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. பிரித்துப் போடுவதற்கு அதில் ஒரு காரணமும் இல்லை. சார்லஸ் பெய்ஜ் வடிவமைத்த அந்தக் கோஸ்டரில் இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் பந்தயம் ஓடுகின்றன. தடங்கள் பார்வைக்குத்தான் இரண்டு, உண்மையில் ஒரே நீண்ட தடம். அதனால்தான் ஒரு பக்க மேடையில் ஏறினால் மறு பக்க மேடையில் போய் இறங்குகிறீர்கள். உங்கள் கணவர் அதைக் கவனித்தாரா என்று கேளுங்கள். இந்த அமைப்பில் உலகத்தில் கட்டியதே மிகக் குறைவு. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கத்தில் கென்னிவுட் பூங்காவில் 1927இல் கட்டிய ரேஸர் ஒன்று.

பிக் ஒன் 1994இல் வந்தது, இரும்பு. பிக் டிப்பர் 1923இல் வந்தது, மரம். ஆனால் டிப்பரில் சிரித்துக்கொண்டே இறங்கினேன், பிக் ஒன்னில் தலை கிறுகிறுத்தது. புதியது மோசமாகவும் பழையது நன்றாகவும் இருப்பது எப்படி?
– மான்செஸ்டர் கல்லூரி மாணவர் ஒருவர்

வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் தம்பி. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டிப்பரை வடிவமைத்தவர் ஜான் மில்லர் என்ற அமெரிக்கர். வண்டி தண்டவாளத்தை விட்டு மேலே எழும்பாதபடி பட்டைக்குக் கீழேயும் ஒரு சக்கரம் வைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியவர் அவர்தான். அதற்கு முந்தைய வண்டிகளை மேடுகளில் மெதுவாகத்தான் ஓட்ட முடிந்தது. மேட்டைத் தாண்டும்போது உங்களைச் சீட்டிலிருந்து அரை நொடி தூக்குகிறதே, அந்தச் சுகத்தைச் சாத்தியமாக்கியது அந்தக் கீழ்ச் சக்கரம்தான். 1936இல் டிப்பரை நீட்டித்தார்கள். உயரம் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் எந்த மேட்டையும் வீணாக்காமல் அமைத்திருக்கிறார்கள்.

பிக் ஒன் வேறு சமாசாரம். உயரம் 213 அடி, நீளம் ஒரு மைலுக்குச் சற்று மேல், வேகம் மணிக்கு 74 மைல். திறந்தபோது உலகத்திலேயே உயரமான கோஸ்டர் அதுதான். (235 அடி என்று படித்திருப்பீர்கள், அது கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டது.) கட்டியது ஆரோ டைனமிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம். குழாய் வடிவ இரும்புத் தண்டவாளத்தை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர்கள் அவர்கள். அந்தப் பெருமையை யாரும் குறைக்க முடியாது.

சிக்கல் வளைவுகளில் இருக்கிறது. நேர்பாதையிலிருந்து வளைவுக்குள் போகும்போது வளைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும், தண்டவாளத்தின் சாய்வும் அதோடு சேர்ந்து மெல்ல மெல்லக் கூட வேண்டும். ரயில் பாதையில் இதைக் கவனிக்காமல் விட்டால் பயணியின் கையிலிருக்கும் தேநீர் சிந்திவிடும். ஆரோவின் பழைய வடிவமைப்புகளில் நேர்பாதை முடிந்த இடத்திலேயே வளைவு சட்டென்று ஆரம்பித்துவிடும். சாய்வையும் தண்டவாளத்தை மையமாக வைத்தே திருப்பினார்கள். இப்போதைய வடிவமைப்பாளர்கள் உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சை மையமாக வைத்துத் திருப்புகிறார்கள். தண்டவாளத்தை மையமாக வைத்தால் கால் அசையாது, தலை மட்டும் பக்கவாட்டில் வீசப்படும். உங்களுக்குத் தலை கிறுகிறுத்தது அதனால்தான். 2018இல் வந்த ஐகான் என்ற கோஸ்டர், இதே பூங்காவில் பிக் ஒன்னைச் சுற்றியே ஓடுகிறது. இரண்டிலும் ஒரே நாளில் ஏறினால் வித்தியாசம் உடனே புரியும்.

போதாததற்குக் கடல். பிக் ஒன் கடலோரச் சாலையை ஒட்டியே நிற்கிறது. மேற்கிலிருந்து வரும் உப்புக் காற்று, இரும்பில் பெயின்ட் எங்கே உரிந்திருக்கிறது என்று தேடிப் பிடித்துத் தின்னும். மரக் கோஸ்டரில் ஒரு பலகை கெட்டால் ஒரு தச்சர் போதும். இரும்புக் கோஸ்டரில் ஒரு துண்டு கெட்டால் தொழிற்சாலையில் புதிதாக வளைத்து, லாரியில் கொண்டுவந்து, கிரேன் வைத்துத் தூக்க வேண்டும். கட்டிய நிறுவனமும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நொடித்து, வேறு கைக்குப் போய்விட்டது. அப்படியிருந்தும் சில ஆண்டுகளாகக் குளிர்காலங்களில் பிக் ஒன்னின் தண்டவாளத்தைப் பகுதி பகுதியாக மாற்றி வருகிறார்கள். சந்தோஷமான விஷயம் அது. மாற்றிய இடங்களில் ஓட்டம் தெளிவாக மேம்பட்டிருக்கிறது. முழுவதும் முடியட்டும், இன்னொரு முறை ஏறிப் பாருங்கள், அப்புறம் எழுதுங்கள்.

இவ்வளவு பழையதில் குழந்தைகளை ஏற்றலாமா? பாதுகாப்புக்கு என்ன உத்தரவாதம்?
– லெஸ்டரிலிருந்து ஒரு தந்தை

பயம் நியாயமானது. ஆனால் ஆபத்தை வயதை வைத்து அளக்காதீர்கள். இந்த நாட்டில் நடந்த மோசமான கோஸ்டர் விபத்துகளில் ஒன்று ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் ஸ்மைலர் கோஸ்டரில் நடந்தது. அது திறந்தது 2013இல், விபத்து 2015 ஜூனில். ஒரு காலி வண்டி தடத்தில் நின்றிருந்தது. அங்கே வண்டி எதுவும் இல்லை என்று நினைத்து, கணினி சரியாகத்தான் நிறுத்தி வைத்திருந்த அடுத்த வண்டியை ஊழியர்கள் அனுப்பிவிட்டார்கள். இரண்டு இளம் பெண்கள் ஆளுக்கு ஒரு காலை இழந்தார்கள். நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. அங்கே தண்டவாளத்தில் ஒரு குறையும் இல்லை. வேலை செய்யும் முறையில்தான் குறை.

பிரிட்டனில் இத்தகைய சாதனங்களுக்கு ‘ஏடிப்ஸ்’ என்ற ஆய்வு முறை இருக்கிறது. அதன்கீழ் ஆண்டுக்கு ஒரு முறை, பூங்காவைச் சாராத ஆய்வாளர் பார்த்துச் சான்று தர வேண்டும். அச்சுகளிலும் வெல்டுகளிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று காந்தப் பொடியும் மீயொலியும் வைத்துச் சோதிப்பார்கள். அது தவிர, தினமும் திறப்பதற்கு முன் தடத்தைப் பார்த்துவிட்டு, காலி வண்டியை ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஆட்களை ஏற்றுவார்கள். ஏறும்போது ‘டக் டக் டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், குழந்தைகள் அதற்குத்தான் பயப்படுவார்கள். வண்டிக்கு அடியில் ஒரு இரும்பு நாக்கு, படிப்படியாக வெட்டிய பட்டையில் விழுந்து விழுந்து ஏறும் சத்தம் அது. சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாது. இதைக் குழந்தையிடம் வரிசையில் நிற்கும்போதே சொல்லிவிடுங்கள், பயம் பாதியாகக் குறையும்.

மரத்தை எடுத்துவிட்டு இரும்புத் தண்டவாளம் போட்டால் உலுக்கல் தீர்ந்துவிடுமே?
– கிராய்டன் வாசகர்

தீரும். அமெரிக்காவில் செய்கிறார்கள், 2011இல் டெக்சாஸ் ஜயன்ட் என்ற மரக் கோஸ்டரை அப்படித்தான் மாற்றினார்கள், அருமையாக வந்தது. பிளாக்பூலில் வேண்டாம் என்பேன். டெக்சாஸ் ஜயன்ட் 1990இல் கட்டியது, மாற்றியதில் பெரிய இழப்பில்லை. 1923ஐயும் 1935ஐயும் அப்படி மாற்றினால் பெயர்ப் பலகை மட்டும்தான் மிஞ்சும்.

பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டார்களாமே, இனி கவலை இல்லைதானே?
– லிவர்பூலிலிருந்து ஒரு வாசகி

2017இல் பிக் டிப்பரையும் கிராண்ட் நேஷனலையும் இரண்டாம் தரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். இனி அனுமதி இல்லாமல் இடிக்கவோ உருவத்தை மாற்றவோ முடியாது. ஆனால் ஓட்டியே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்வதில்லை. வண்டி ஓடாமல் நின்றுவிட்டால் மரச்சட்டம் கடற்காற்றில் சும்மா நின்று உளுத்துப்போகும். கூட்டம் வந்து ஏறி, அந்த வருமானத்தில் பலகை மாற்றினால்தான் அது பிழைக்கும்.

இருந்தாலும் பட்டியல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. சவுத்போர்ட் பிளஷர்லேண்டில் சைக்ளோன் என்று ஒரு மரக் கோஸ்டர், 1937இல் வந்தது, அதுவும் சார்லஸ் பெய்ஜ் கைவேலை. பட்டியலில் இல்லை. 2006இல் பூங்கா மூடப்பட்டதும், ரசிகர்கள் மேலே ஏறி நின்று போராடியும், இடித்துத் தள்ளிவிட்டார்கள். அதே பூங்காவில் இருந்த இரும்புக் கோஸ்டரைக் கழற்றிக்கொண்டுபோய் பிளாக்பூலில் இன்ஃப்யூஷன் என்ற பெயரில் 2007இல் நிறுத்தினார்கள். இரும்புக்கு இன்னொரு வாழ்க்கை கிடைத்தது, மரத்துக்குக் கிடைக்கவில்லை. நினைத்தால் இப்போதும் மனசு கேட்பதில்லை.

மார்கேட்டில் இருக்கும் சீனிக் ரயில்வே என்ற மரக் கோஸ்டரின் கதை நல்ல கதை. 1920இல் கட்டியது, பட்டியலில் இருந்தது. 2008இல் தீயில் ஏறத்தாழக் கால்பகுதி எரிந்தது. ஆனாலும் விடாமல் திரும்பக் கட்டி 2015இல் ஓட்டினார்கள்.

வைல்டு மவுஸை ஏன் எடுத்தார்கள்?
– பிரஸ்டன் வாசகர்

பட்டியலில் இல்லாததால் எடுக்க முடிந்தது. பிளாக்பூலில் 1958இல் கட்டிய மரக் கோஸ்டர், 2017 பருவத்தோடு ஓட்டம் முடிந்தது. திருப்பங்களில் வண்டியின் மூக்கு தடத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், விழுந்தோம் என்று நினைக்கும் கணத்தில் திரும்பும். மர வைல்டு மவுஸ்கள் உலகத்திலேயே விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிச்சம் இருந்தன. அது போயிருக்கக் கூடாது.

என் ஏழு வயது மகளின் முதல் கோஸ்டர் எதுவாக இருக்கலாம்?
– பர்மிங்ஹாமிலிருந்து ஒரு தாய்

புளூ ஃபிளையர். சின்ன மரக் கோஸ்டர், 1934இல் குழந்தைகளுக்காகவே கட்டியது, பல தலைமுறைகள் ஏறிவிட்டன. நுழைவில் உயரம் அளப்பார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் சிரித்தாள் என்றால் அடுத்து ஸ்டீபிள்சேஸ். 1977இல் வந்தது, இருவர் இருவராகக் குதிரை மேல் உட்கார்ந்து மூன்று தடங்களில் பந்தயம் ஓடுவது. அந்த வகையில் உலகத்தில் இப்போது மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அதனால் நீங்களும் ஏறிவிடுங்கள்.

உலுக்கல் குறைவாக இருக்க எங்கே உட்கார வேண்டும்?
– ஈஸ்ட் ஹாம், மான்செஸ்டர் உட்படப் பலர்

பெட்டியின் நடு வரிசையில். முன், பின் வரிசைகள் பெரும்பாலும் சக்கரத்துக்கு நேர் மேலே வரும், ஒவ்வொரு இடியும் நேராக முதுகெலும்பில் ஏறும். தடத்தின் வளைவுகள் தெரிய வேண்டும் என்றால் வண்டியின் முதல் பெட்டி நல்லது. சீட்டிலிருந்து தூக்கி எறிய வேண்டும் என்றால் கடைசிப் பெட்டி. முன்பெட்டிகள் ஏற்கெனவே இறங்க ஆரம்பித்து, கடைசிப் பெட்டியை மேட்டின் மேல் இழுத்துக்கொண்டு போகும். முதுகை விறைப்பாக வைத்துக்கொள்ளாதீர்கள், கம்பியைப் பிடித்துக்கொண்டு தொடையில் கொஞ்சம் பளுவை வாங்குங்கள். இன்னொன்று, முடிந்தால் காலையில் ஒரு முறையும் சாயங்காலம் ஒரு முறையும் அதே கோஸ்டரில் ஏறுங்கள். கிரீஸ் சூடேறி வண்டி நாள் முழுக்க ஓடியபிறகு டிப்பர் ஓடும் ஓட்டமே வேறு.