மதுரை கிளினிக்கில் ரெசிடென்சி: பணம் கட்டும் முன்

ஆச்சி, மகள் எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்துவிட்டாள், மதுரையில் ஒரு தனியார் தெரபி கிளினிக் 'ஒரு வருட ரெசிடென்சி'க்குக் கூப்பிடுகிறது, பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை பழக என்றால் யோசிக்கலாம். முடித்ததும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிடுவாள் என்று நம்பிக் கட்டாதீர்கள்.

அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்சிஐ, அங்கீகரித்த படிப்பை முடித்துப் பதிவு எண் வாங்க வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்தால் 1992-ஆம் வருடச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (ஆயிரம்தானே என்று நினைக்க வேண்டாம், சிறைக்கும் வழி இருக்கிறது.) பலரும் போன வழி கிளினிக்கல் சைக்காலஜியில் இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். அதற்குச் சேர்க்கையை 2025-26 வரை மட்டுமே பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) நீட்டித்தது. ஆகவே எந்தக் கல்லூரியானாலும், மகள் சேரும் வருடத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று ஆர்சிஐ இணையதளத்தில் பார்த்துவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.

இனி கிளினிக். நம் நகரத்தார் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடைத் தொழிலுக்கு, போன காலத்தில் கடையில் எடுபிடியாக நின்ற பெட்டியடிப் பையனிடம் யாரும் முதல் நாளே சாவியைக் கொடுக்கவில்லை. முதலில் உதவிக்கு நிற்கும் அடுத்தாளாகி, அப்புறம்தான் கடையை நடத்தும் மேலாள். இங்கும் அந்த வரிசை வேண்டும்: வந்தவரின் சம்மதத்தோடு கூட உட்கார்ந்து பார்ப்பது, பிறகு கேஸ் ஹிஸ்டரி எடுப்பது, மனநிலைப் பரிசோதனை எழுதுவது, அதன் பிறகு ஒன்றிரண்டு பேரைத் தனியாகப் பார்ப்பது. வாரம் ஒரு மணி நேரமாவது மேற்பார்வையாளரோடு தனியாக உட்கார வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் எல்லாமே இருக்கிறது. "அவர் அழுதார், ஆறுதல் சொன்னேன்" என்று மகள் நோட்டில் எழுதியிருந்தால் நல்ல மேற்பார்வையாளர் விடமாட்டார். எந்தக் கேள்விக்கு அழுதார், நீ சொன்ன வாக்கியம் என்ன, அதற்கு அவர் நிமிர்ந்து பார்த்தாரா, பேச்சை மாற்றினாரா என்று வரிவரியாகக் கேட்பார்.

கெட்டுப்போவதும் இங்கேதான். இரண்டாம் மாதமே நாளொன்றுக்கு ஆறு பேரை அவளிடம் தள்ளிவிடுவார்கள், மேற்பார்வை வாட்ஸ்அப் குரல் செய்தியாகச் சுருங்கிவிடும். அல்லது ரிசப்ஷனும் ரீல்ஸும் அவள் தலையில். ஐக்யூ ரிப்போர்ட்டில் அவளே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று கையெழுத்துப் போடச் சொன்னால், அன்றே வெளியே வந்துவிட வேண்டும்.

மேற்பார்வையாளரின் ஆர்சிஐ எண், வாராந்தர மேற்பார்வை நேரம், பாதியில் விலகினால் எவ்வளவு பணம் திரும்பும் என்பதையெல்லாம் தாளில் வாங்குங்கள். இன்னொன்றையும் மகள் நேரில் கேட்கட்டும்: "தற்கொலை எண்ணம் இருக்கிறது என்று ஒருவர் சாயங்காலம் ஏழு மணிக்குச் சொன்னால் நான் யாரைக் கூப்பிடுவது?" மனநல மருத்துவர் ஒருவரின் பெயரும் எண்ணும் உடனே வர வேண்டும். அரசின் மனநல உதவி எண் 14416 (டெலி-மானஸ்) இருக்கிறதே என்று மட்டும் சொன்னால் அது பதிலாகாது.

நாளைக்கு அவள் காரைக்குடியிலேயே உட்கார்ந்தால் இன்னொரு சிக்கல் வரும். எந்தக் கோவில், எந்த வீடு என்று விசாரித்தால் வந்தவர் பங்காளியாகவே இருப்பார். அப்படியானால் அவரை வேறொருவரிடம் அனுப்பிவிட வேண்டும், அதை இப்போதே பழக வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 ரகசியத்தை நோயாளியின் உரிமையாக வைத்திருக்கிறது. ஆகவே ராத்திரி சாப்பிடும்போது "இன்னைக்கு யார் வந்தா?" என்று நீங்களும் கேட்காதீர்கள், ஆச்சி.