பேட்டரில ஓடுற லோராவான் மாட்யூலுக்கு சர்வர்ல இருந்து செட்டிங் மாத்தி அனுப்பினா ஏன் மாற மாட்டேங்குது?

லோராவான்ங்கிறது கம்மி பவர்ல ரொம்ப தூரம் சின்னச் சின்ன டேட்டா அனுப்புற ரேடியோ முறை. ரீடிங் அனுப்புற இடைவெளிய மாத்த கமாண்ட் போட்டேன், சர்வர் அனுப்பியாச்சுன்னு காட்டுது, மாட்யூல் பழைய மாதிரியேதான் இருக்கு, திரும்பத் திரும்ப அனுப்பியும் பிரயோஜனம் இல்லன்னு கேட்டிருக்கீங்க. அனேகமா மாட்யூல்ல கோளாறு எதுவும் இருக்காது, அது தூங்கிட்டு இருக்கு, அவ்வளவுதான்.

ரிசீவர எப்பவும் ஆன்ல வெச்சா சுமார் 10 மில்லியாம்ப் குடிக்கும்னு வைங்க, 2400 மில்லியாம்ப் ஹவர் பேட்டரி 10 நாள்ல காலி. அதான் கிளாஸ் ஏ மாட்யூல் (லோராவான்ல பேட்டரிய மிச்சம் பிடிக்கிற ரகம்) காதையே மூடிட்டு தூங்கும். தானா எழுந்து ஒரு அப்லிங்க், அதாவது சர்வருக்குப் போற செய்தி, அனுப்பும், அது முடிஞ்சு 1 செகண்ட்ல ஒரு தடவை, 2வது செகண்ட்ல இன்னொரு தடவை காது குடுக்கும், ஒண்ணும் வரலன்னா மறுபடி தூக்கம். இந்த நேரம் எல்லாம் டிஃபால்ட் கணக்கு, நெட்வொர்க்ல 15 செகண்ட் வரைக்கும் தள்ளி வைக்கலாம், கேட்வேயோட (மாட்யூலுக்கும் சர்வருக்கும் நடுவுல இருக்குற ரேடியோ பெட்டி) இன்டர்நெட் ஸ்லோவா இருந்தா தள்ளி வைக்கிறதுதான் நல்லது. ஆக நீங்க நினைச்ச நேரத்துல அத எழுப்ப முடியாது. கமாண்ட சர்வரோட க்யூல முன்னாடியே போட்டு வெச்சுடணும், அது எப்ப வாயத் திறக்குதோ அப்ப பதிலோட சேர்ந்து போகும். ஒரே கமாண்ட பத்து தடவை போட்டீங்கன்னா க்யூல பத்தும் வரிசையா நிக்கும், ஒவ்வொரு அப்லிங்குக்கும் ஒண்ணா இறங்கும், மாட்யூல் ஒவ்வொண்ணுக்கும் வேலை செய்யும், பேட்டரிதான் வீணாகும். அதுவும் இல்லாம பெரும்பாலான கேட்வே அனுப்பும்போது கேக்காது, நூறு மாட்யூலுக்கு ஒண்ணா கமாண்ட் போட்டா அந்த நேரம் வர்ற மத்த ரீடிங் எல்லாம் காத்துல போயிடும், அதனால கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு அனுப்புங்க.

கன்ஃபர்ம்டு டவுன்லிங்க், அதாவது கிடைச்சுதான்னு பதில் கேட்டு சர்வர்ல இருந்து மாட்யூலுக்கு அனுப்புற செய்தி, போட்டா அக்னாலெட்ஜ் (கிடைச்சுதுங்கிற பதில்) வருதேன்னு நம்பிடாதீங்க. ரேடியோல பாக்கெட் வந்து சேந்துச்சுன்னுதான் அதுக்கு அர்த்தம், மாட்யூல் அத புரிஞ்சுகிட்டு செட்டிங்க மாத்துச்சான்னு அது சொல்லாது. இத நான் பட்டுத்தான் தெரிஞ்சுகிட்டேன். தண்ணி டேங்க் லெவல் பாக்குற ஒரு மாட்யூலுக்கு இடைவெளிய 600 செகண்டா மாத்தணும், ஹெக்ஸ்ல (16 அடிப்படை எண் முறை) ரெண்டு பைட்டா 02 58, அப்படியே அனுப்பிட்டேன். அந்த ஃபர்ம்வேர் (மாட்யூலுக்குள்ள ஓடுற புரோகிராம்) கடைசி பைட்ட முதல்ல எதிர்பாக்குற ரகம், அத 58 02ன்னு படிச்சு 22530 செகண்ட்னு எடுத்துகிச்சு. அக்னாலெட்ஜ் சரியா வந்துச்சு. பத்து நிமிஷம் ஆச்சு, இருபது நிமிஷம் ஆச்சு, ரீடிங்கே வரல. தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சு சரியான கமாண்ட உடனே க்யூல போட்டேன், ஆனா அது அடுத்து கண்ணு முழிக்கவே 6 மணி நேரம் 15 நிமிஷம் ஆகும், அது வரைக்கும் டேங்க்ல தண்ணி இருக்கா இல்லையான்னு தெரியாம உக்காந்திருந்தேன். சில மாட்யூல்ல பட்டன் அமுக்கினாலோ காந்தத்த பக்கத்துல காட்டினாலோ உடனே அப்லிங்க் அனுப்பும், இதுல அந்த வசதியும் கிடையாது.

அதுல இருந்து எந்த செட்டிங்க மாத்தினாலும், மாட்யூல் இப்ப எந்த மதிப்ப வெச்சிருக்குன்னு அதுவே அடுத்த அப்லிங்க்ல திருப்பி சொல்ற மாதிரி இருந்தாதான் நம்புவேன். முதல்ல ஒரே ஒரு மாட்யூல், அது சொன்னது சரியா இருந்தா அப்புறம் மிச்சம்.

இடைவெளி, அலாரம் லெவல் இதெல்லாம் தப்பா போனாலும் காத்திருந்து சரி பண்ணிக்கலாம். டேட்டா ரேட், சேனல் மாதிரி ரேடியோ செட்டிங்க தொடுறதுதான் நுனி மரத்துல உக்காந்து அடி மரத்த வெட்டுற கதை, தப்பாச்சுன்னா சரி பண்ற கமாண்ட் போறதுக்கே வழி இருக்காது, ஏணிய தூக்கிட்டு நேர்லதான் போகணும். ஃபர்ம்வேர் உங்க கையில இருந்தா புது ரேடியோ செட்டிங்க உடனே நிரந்தரமா எழுதாதீங்க, தற்காலிகமா வெச்சு நாலஞ்சு அப்லிங்க் அக்னாலெட்ஜ் கேட்டு அனுப்பிப் பாக்கட்டும், ஒண்ணுக்கும் பதில் வரலன்னா ஃபிளாஷ்ல இருக்குற பழசுக்கே தானா திரும்பிடணும். இடைவெளிக்கும் ஒரு உச்சவரம்பு போட்டு வைங்க, அதுக்கு மேல எது வந்தாலும் ஏத்துக்கக் கூடாது. எனக்கு அந்த வரம்பு 1 மணி நேரம்னு இருந்திருந்தா 22530 உள்ளயே நுழைஞ்சிருக்காது.

உங்க விஷயத்துல நான் முதல்ல பாக்குறது போர்ட் நம்பர், அதாவது பாக்கெட் எந்த வேலைக்குன்னு காட்டுற எண். 0 நெட்வொர்க்கோட சொந்த வேலைக்கு, 1 முதல் 223 வரைக்கும்தான் நமக்கு, அதுலயும் உங்க மாட்யூல் எந்த போர்ட்ல வந்தா கமாண்டா எடுத்துக்கும்னு மேனுவல்ல போட்டிருப்பாங்க. வேற போர்ட்ல போனா வாங்கிகிட்டு, அக்னாலெட்ஜும் குடுத்துட்டு, கண்டுக்காம விட்டுடும். இப்ப க்யூவ மொத்தமா காலி பண்ணிட்டு, போர்ட்டையும் பைட் வரிசையையும் மேனுவலோட ஒப்பிட்டு ஒரே ஒரு கமாண்ட போடுங்க, ரெண்டு அப்லிங்க் வர்ற வரைக்கும் வேற எதையும் தொடாதீங்க. முதல் அப்லிங்குக்கு வர்ற பதில்லதான் கமாண்ட் இறங்கும், மாறிடுச்சா இல்லையான்னு ரெண்டாவதுலதான் தெரியும்.