தேன் உறைந்தால் கலப்படமா?

கேள்வி: மார்த்தாண்டத்தில் தெரிந்தவரிடம் வாங்கிய தேன், இரண்டு மாதத்தில் அடியில் சர்க்கரையாக உறைந்துவிட்டது. பாகு கலந்து ஏமாற்றிவிட்டார்கள் என்கிறார் மாமியார். கொட்டிவிடலாமா? (வாசகி, மதுரை)

பதில்: கொட்டாதீர்கள். நல்ல தேனும் உறையும். 100 கிராம் தேனில் சுமார் 38 கிராம் ஃபிரக்டோஸ், 31 கிராம் குளுக்கோஸ், 17 முதல் 20 கிராம் தண்ணீர். மீதி வேறு சில சர்க்கரைகள், அப்புறம் கொஞ்சம் அமிலம், நொதி, மகரந்தம், தாது உப்பு. அந்தக் கொஞ்சத் தண்ணீரில் அவ்வளவு குளுக்கோஸ் கரைந்தே நிற்க முடியாது, நாளாக ஆக குருணை குருணையாகப் பிரிந்து அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். குமரி மாவட்டத் தேன் பெரும்பாலும் ரப்பர் தோட்டத்துத் தேன். தேனீ அதைப் பூவிலிருந்துகூட எடுப்பதில்லை, தளிர் இலைக் காம்பில் சுரக்கும் மதுவைத்தான் உறிஞ்சுகிறது, அது சீக்கிரமே உறையும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் இளகிவிடும். அடுப்பில் ஏற்றினால் மணமும் நொதியும் போய்விடும்.

தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியைத் தோய்த்துக் கொளுத்துவது, எறும்பு வருகிறதா என்று காவல் இருப்பது எல்லாம் சும்மா. பாகைக் கெட்டியாகக் காய்ச்சினால் அதுவும் பாஸாகிவிடும். உறுதியாகத் தெரிய ஆய்வகம்தான் வழி. ஆனால் நுரை கட்டிப் புளித்த வாடை அடித்தால் தண்ணீர் அதிகமாகிப் புளித்துவிட்டது என்று அர்த்தம், அதைச் சாப்பிட வேண்டாம்.

கேள்வி: இருமலுக்கும் தீக்காயத்துக்கும் தேன் நல்லதா? (வாசகர், ஈரோடு)

பதில்: இருமலுக்கு, ஆமாம். சளியோடு வரும் சாதாரண இருமலுக்குத் தேனை முயன்று பார்க்கலாம் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதலே 2018-இல் சொன்னது. இரவு படுக்கும் முன் ஒரு டீஸ்பூன் போதும். மூன்று வாரம் தாண்டியும் இருமினால் மருத்துவரிடம் போங்கள்.

காயத்தில் கிருமியை அடக்கும் சக்தி தேனுக்கு உண்டு. தண்ணீர் குறைவு, புளிப்பு அதிகம், அதோடு நீர்த்துப்போகும்போது அதிலுள்ள ஒரு நொதி ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். ஆனால் மருத்துவமனையில் போடுவது கிருமி நீக்கிய தேன். சமையலறை பாட்டிலைத் தீக்காயத்தில் கவிழ்க்காதீர்கள். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், அது போதாவிட்டால் மருத்துவமனை.

கேள்வி: பிறந்த பேத்திக்குச் சேனை வைக்கத் தேன் தொட்டு வைக்கலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: கூடவே கூடாது. ஒரு வயது முடியும்வரை ஒரு துளிகூட வேண்டாம். தேனில் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம், பெரியவர்கள் வயிறு அவற்றைச் சமாளித்துவிடும், கைக்குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும், பிள்ளை பால் குடிக்கக்கூடத் தெம்பில்லாமல் துவண்டுபோகும். காய்ச்சினாலும் வித்து சாகாது. பெரியவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கேள்வி: சர்க்கரை நோய்க்காரர் சீனிக்குப் பதில் தேன் ஊற்றிக்கொள்ளலாமா? (வாசகர், சேலம்)

பதில்: பெரிய லாபம் இல்லை. ஒரு டீஸ்பூன் சீனி சுமார் 4 கிராம், 16 கலோரி. அதே ஸ்பூனில் தேன் எடுத்தால் 7 கிராம், 21 கலோரி. ரத்தச் சர்க்கரையைத் தேனும் ஏற்றத்தான் செய்யும். ஆசைக்கு அரை ஸ்பூன் என்றால் அன்றைய சீனிக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.