முனை இல்லாத ஒளி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒளிக்குத் தளவிளைவு, மின்னியலில் முனைவாக்கம், நரம்பு செல்லுக்கு முனைப்பியக்கம் என்று படிக்கிறோம். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ‘போலரைசேஷன்’தான். மூன்றும் ஒன்றா? தமிழில்தான் வீணாகப் பிரித்து வைத்திருக்கிறோமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

குழப்பம் தமிழில் இல்லை, ஆங்கிலச் சொல்லில்தான். 1808இல் பாரிஸில் இயற்பியலாளர் எத்தியேன் லூயி மாலுஸ், லக்ஸம்பர்க் அரண்மனை ஜன்னல்களில் பட்டுத் தெறித்த மாலை வெயிலைக் கால்சைட் படிகம் வழியாகப் பார்த்தார். படிகத்தைத் திருப்பத் திருப்ப, இரண்டாகத் தெரிந்த பிம்பங்களில் ஒன்று மங்கியது, மற்றது துலங்கியது. ஒளியைத் துகளாக எண்ணிய அவர், காந்தம்போல அத்துகள்களுக்கும் முனைகள் (‘போல்’) உண்டென்று கருதி ‘போலரைசேஷன்’ என்ற பெயரை வைத்தார். பிறகு பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிரெனல், ஒளி குறுக்கலை, அதாவது செல்லும் திசைக்குக் குறுக்காக அதிரும் அலை என்று நிறுவினார். முனை போயிற்று, பெயர் தங்கிவிட்டது.

எதிரெதிராக இரண்டு போலராய்டு தகடுகளை (ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடுகள்) வைத்து ஒன்றை மட்டும் திருப்பிப் பாருங்கள். 90 பாகையில் வெளிச்சம் இருளாகும். 180 பாகையில் பழையபடி வந்துவிடும். மேலும் கீழும் அதிரும் அலைக்கு எது தலை, எது கால்? அதிர்வு எந்தத் தளத்தில் என்பது மட்டுமே கேள்வி. ‘தளவிளைவு’ என்று பெயரிட்டவரை வணங்கத் தோன்றுகிறது எனக்கு. (வட்டமாகச் சுழலும் வகைக்கு அச்சொல்லும் சற்று இறுக்கம்தான்.)

மின்னியலில் முனை உண்மையானது. மின்காப்புப் பொருளை மின்புலத்தில் வைத்தால் அணுவுக்குள் எலக்ட்ரான்கள் இம்மியளவு ஒருபக்கம் ஒதுங்கும்; அந்தப் பக்கம் எதிர்மின் முனை, மறுபக்கம் நேர்மின் முனை. புலத்தை எதிர்த்திசைக்கு மாற்றினால் முனைகளும் இடம் மாறும்.

செல்லில் நடப்பது இதற்கு உறவு, ஆனால் இதுவே அல்ல. அங்கே அயனிகள் (மின்சுமை ஏறிய அணுக்கள்) செல்லைச் சுற்றியுள்ள சவ்வைக் கடந்தே போகின்றன. ஓய்விலிருக்கும் நரம்பு செல்லின் உட்புறம் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். அற்பமாகத் தெரிகிறதா? சவ்வின் தடிமன் சில நானோமீட்டர்தான். மின்புலம் மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கோடி வோல்ட்! சோடியம் உள்ளே பாய்ந்ததும் கணநேரம் உட்புறம் நேர்மின்னாகிறது. நரம்பு அனுப்பும் செய்தியே அதுதான். இந்த ஏற்றத்தாழ்வைக் காக்க, மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்தபடி, செல் ஓயாமல் ஆற்றலைச் செலவிடுகிறது.

ஆக, பின்னிரண்டும் உறவினர், ஒளி அயலார். ஆனாலும் ஒளி கண்ணாடிக்குள் நுழையும்போது, அதன் மின்புலம் அங்குள்ள எலக்ட்ரான்களை அசைத்து, நொடிக்குக் கோடிகோடி முறை முனைகளை உண்டாக்கி மாற்றுகிறது. கண்ணாடியில் ஒளியின் வேகம் குறைவது அதனால்தான்.