ஆன்மீக லட்சியம் விவசாயத்துக்கும் கிராமத்துக்கும் வழிகாட்டுமா?

வழிகாட்டும். எங்கள் ராமநாதபுரம் கடற்கரையை வைத்தே சொல்கிறேன்.

1897 ஜனவரியில் விவேகானந்தர் பாம்பனில் வந்து இறங்கினார். ராமேஸ்வரம் கோயிலில் அவர் பேசியதன் சாரம் இதுதான்: ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பதே நிஜமான வழிபாடு. சரி, இதற்கும் வயலுக்கும் என்ன சம்பந்தம்?

ஊருணியை, அதாவது ஊர் குடிப்பதற்கு மழைநீர் தேக்கும் குளத்தைப் பாருங்கள். இங்கே பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. வடகிழக்குப் பருவமழையில் தேங்கும் தண்ணீர்தான் குடிக்க. அதனால் ஊருணி வெட்டுவதைப் பெரியவர்கள் தர்மம் என்றார்கள். குடிக்கிற ஊருணியில் செருப்போடு இறங்க மாட்டார்கள், மாடு குளிப்பாட்ட மாட்டார்கள். கோடையில் வற்றிவிட்டால் மணலில் ஊற்று தோண்டி, சிரட்டையால் மெல்ல மெல்ல மொண்டு, துணியில் வடிகட்டிக் குடத்தில் ஊற்றுவார்கள். ஒரு குடம் நிறைய வெகுநேரம் ஆகும். அதுவரை அடுத்தவர் காத்திருப்பார். அந்தப் பொறுமையையும் நான் பக்தி என்றே சொல்வேன்.

வயலுக்குப் பாசனம் தரும் ஏரியான கண்மாயும் அப்படித்தான். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று பேர் வாங்கிய ராஜசிங்கமங்கலம் கண்மாய் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. குடிமராமத்து என்று ஊரே கூடி, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வெட்டிய வழக்கம் தளர்ந்ததும் மண் மேடிட்டது, சீமைக்கருவேல் ஏறியது. நெல்லும் முண்டு மிளகாயும் மழையை மட்டுமே நம்பி நிற்க வேண்டியதாயிற்று.

அப்புறம் ஒன்று. எந்தத் தெருவுக்கும் ஊருணியில் தண்ணீர் எடுக்கத் தடை இருக்கக்கூடாது. தடை இருந்தால் கும்பாபிஷேகம் எத்தனை நடத்தினாலும் அதை ஆன்மீகம் என்று நான் ஏற்க மாட்டேன். உங்கள் ஊரில் ஏதாவது தொடங்க நினைத்தால், முதலில் வரத்துக்காலை நடந்து பாருங்கள்.